பை காக்கிறவர்களுக்கு

அன்புள்ள அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்த இடம் தெரியும். ரொறன்ரோவுக்கு வடக்கே, பனிச்சறுக்கு மலையின் அடியில் இருக்கிற மண்டபம். ஈரக் கையுறை மணமும் பொரித்த உருளைக்கிழங்கு மணமும் கலந்து அடிக்கும். யன்னலோரம் நீள மேசை, அதன் கடைசியில் நீங்கள். உங்களைச் சுற்றி ஐந்து சோடிச் சப்பாத்து, நாலு முதுகுப்பை, ஒரு தேத்தண்ணிப் பிளாஸ்க், வெள்ளித்தாளில் சுற்றிய ஆட்டிறைச்சி ரோல்ஸ். பிள்ளைகள் மலையில். நீங்கள் காவல்.

பிறகு ஒரு மார்ச் மாதம், கியூபாவில் வரதேரோ கடற்கரையில் உங்களைத் திரும்பவும் கண்டேன். ஓலைக் குடைக்குக் கீழே, முழுக் காற்சட்டையோடு. மடியில் நாலு கைபேசி, காலடியில் எல்லாருடைய செருப்பு, பக்கத்துக் கதிரையில் துவாய்கள். பிள்ளைகள் தண்ணீருக்குள். நீங்கள் காவல்.

குறை சொல்வதற்கு எழுதவில்லை. பதினாறு வருடம் அதே வாங்கைத் தேய்த்தவன் நான். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: எழும்புங்கோ.

மூன்று வருடத்துக்கு முன் மூத்தவளுடைய இருபத்தோராவது பிறந்தநாளுக்குப் படக்காட்சி செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்த படங்கள் எல்லாவற்றையும் கணினியில் கொட்டி, குளிர்காலப் படங்களைத் தனியாக எடுத்தாள். மனைவி இருக்கிறா, மகன் இருக்கிறான், ஊரிலிருந்து வந்த மாமிகூட ஒன்றில் முழங்கால் அளவு பனிக்குள் நின்று சிரிக்கிறா. நான் ஒரே ஒரு படத்தில் இருந்தேன். முன்னால் மகளும் மகனும் ஸ்கீக் கோல்களைத் தூக்கிப் பிடித்தபடி நிற்க, பின்னால் மண்டபத்துக் கண்ணாடிக்குள்ளே ஓர் ஆள் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருக்கிறார். "அப்பா, இதைப் போடவா?" என்று கேட்டாள். போடு என்றேன். கொண்டாட்டத்தில் அந்தப் படத்துக்குத்தான் எல்லாரும் கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

நாங்கள் ஏன் வாங்கை விட்டு இறங்கவில்லை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்த எங்கள் தலைமுறைக்குப் பனி விளையாட்டாக அறிமுகமாகவில்லை. அது அதிகாலை நாலரைக்கு பஸ் தரிப்பில் கால்விரல் மரத்துப்போக நின்ற பனி. இரவு வேலை முடிந்து வந்து, படுக்க முதல், வீட்டுக்காரரின் வாசலைச் சவளால் வழித்தால் பேஸ்மென்ற் வாடகையில் இருபது டொலர் குறைத்த பனி. கறுப்பு ஐஸில் வழுக்கி மணிக்கட்டை உடைத்து ஆறு கிழமை சம்பளம் இல்லாமல் என்னை வீட்டில் இருத்திய பனி. அந்தச் சாமானைக் காசு குடுத்து, இரண்டு மணித்தியாலம் கார் ஓடித் தேடிப் போவதா? முதல்முதல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட காலை அம்மா வாசலில் நின்று கேட்டா: "விசரே உங்களுக்கு? முத்தத்தில கிடக்கிற பனி காணாதே?"

முத்தத்தில் கிடக்கிற பனியை நாங்கள் தள்ள வேண்டும், மலையில் கிடக்கிற பனி எங்களைத் தள்ளும் என்று இப்போது அவவுக்குச் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சரி.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். வேலைக்குப் போகையில் இருட்டு, திரும்புகையில் இருட்டு. நவம்பர் நடுவில் இழுத்து மூடிய திரைச்சீலையை ஏப்ரலில்தான் விலக்குகிறோம். வருடத்தில் ஐந்து மாதம் இப்படிப் போகிறது. முப்பது வருடம் இங்கே இருந்தவருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். ஒரு நாட்டில் இருந்துகொண்டு அதன் பாதி வருடத்தை வீட்டுக்குள் ஒளிந்து கழித்துவிட்டு, பிள்ளைகள் ஏன் எங்களிடமிருந்து தள்ளிப் போகிறார்கள் என்று மண்டபங்களில் கூட்டம் வைக்கிறோம்.

நேரமில்லை என்பீர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஜனவரி எங்களுக்குத் தமிழ் மரபுத் திங்கள். 2016இல் கனடிய நாடாளுமன்றமே அதை ஏற்றுக்கொண்டது. பொங்கலும் சேர்ந்து வர, சனி ஞாயிறு ஒன்றும் மிஞ்சாது. சின்னவளுக்கு நடனம், பெரியவனுக்கு மிருதங்கம், உங்களுக்கு மேடைக்குப் பின்னால் மேளப்பெட்டிக்குக் காவல். பார்த்தீர்களா, அங்கேயும் காவல்தான். பெப்ரவரியில் ஒன்ராறியோ அரசாங்கம் 2008இல் இருந்து ஒரு திங்கட்கிழமையைக் குடும்ப தினம் என்று பெயர் வைத்தே தந்திருக்கிறது. அன்றைக்கு நாங்கள் கொஸ்கோவுக்குப் போகிறோம்.

நான் ஸ்கீ பழகப் போனது ஐம்பத்துமூன்று வயதில். இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே நடந்ததெல்லாம் என்னுடைய பிழை. மனைவியும் வந்தா, நான் விழுவதைப் பார்க்க. சாமான் வாடகைக்கு எடுக்கிற இடத்தில் ஒரு படிவம் தந்தார்கள். உயரம், நிறை, வயது, எவ்வளவு பழக்கம். நிறை என்ற இடத்தில் மனைவி கொஞ்சம் யோசித்து, பத்துக் கிலோவைக் குறைத்து எழுதினா. பின்னால் தெரிந்தவர்கள் நின்றார்களாம். உங்களுக்கு இது தெரிந்திருக்கட்டும்: சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டுகிற கொளுக்கியின் இறுக்கத்தை அந்த நிறையை வைத்துத்தான் அளவு பார்த்துத் திருப்புகிறார்கள். விழும்போது கால் முறுகாமல் ஸ்கீ கழன்றுவிட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நிறையைக் குறைத்து எழுதினால் கழலக் கூடாத நேரத்திலும் கழலும். முதல் வளைவிலேயே மனைவி ஒரு பக்கம், ஸ்கீ ஒரு பக்கம். திரும்பிப் போய் உண்மையை எழுதிக் குடுத்தா. அந்த எண் என்ன என்று எனக்கும் இன்றுவரை தெரியாது.

ஸ்கீச் சப்பாத்து என்பது சப்பாத்து இல்லை, சீமெந்தில் வார்த்த பெட்டி. அதற்குள் இரண்டு மேசு போட்டால் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். நேர்மாறு. மடிப்பு விழுந்து கால் நெரிபட்டு, இரத்தம் ஓடாமல் இன்னும் விறைத்தது. ஒன்று போதும், மெல்லியதாக, கம்பளியில். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனதும் பிழை. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு அது வரம், இங்கே பனிக்குள் அதே குணம்தான் எதிரி. கடைகளில் ஐந்து விரல் கையுறைக்குத்தான் எல்லாரும் கை நீட்டுகிறார்கள். கட்டைவிரல் மட்டும் பிரிந்து மற்ற நாலும் ஒன்றாக இருக்கிறதை எடுங்கள். விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்திருக்கும், கூட்டுக் குடும்பம் மாதிரி.

பாடம் சொல்லித்தந்தது பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், முதல் விழப் பழகுவம்" என்றாள். தமிழ்ப் பிள்ளை! எனக்கு வெட்கமா பெருமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பின்பக்கமாக விழக் கூடாது, பக்கவாட்டில் விழ வேண்டும். எழும்பும்போது ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் எழும்புகிற வேகத்தில் திரும்பவும் வழுக்கும். அரை மணித்தியாலம் அது மட்டும்தான். பிறகு நிற்கிற வித்தை. முன் நுனிகளைச் சேர்த்து பின் நுனிகளை அகட்டினால் ஸ்கீ இரண்டும் ஒரு பிட்சாத் துண்டு மாதிரித் தெரியும், வேகம் குறையும். நேராக, பக்கம் பக்கமாக வைத்தால் பிரெஞ்ச் பிரைஸ், ஓடும். நாலு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கிற சொற்கள் அவை. "பிட்சா, அங்கிள்! பெரிய பிட்சா!" என்று அவள் கத்தக் கத்த நான் பிரெஞ்ச் பிரைஸாகவே போய் செம்மஞ்சள் வலையில் மீன் மாதிரிப் பட்டேன்.

மூன்றாவது நாள் பச்சை வட்டப் பலகை போட்ட பாதையில் முழுக்க விழாமல் இறங்கினேன். இங்கே பச்சை வட்டம் லேசானது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். மகன் கறுப்பு வைரத்துக்காரன். அன்றைக்கு அவன் அங்கே போகவில்லை, எனக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தான். அடிவாரத்தில் ஒன்றும் சொல்லாமல் என்னுடைய ஹெல்மெற்றில் இரண்டு தட்டுத் தட்டினான். அவனோடு அதற்கு முதல் கடைசியாக எப்போது ஒரு மணித்தியாலம் சேர்ந்து இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நாற்காலி லிப்ற்றில் ஒரு வசதி இருக்கிறது: பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழும்பிப் போக முடியாது, கையுறைக்குள் கைபேசியும் வேலை செய்யாது. ஆறேழு நிமிடம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தரத்தில் கதைக்கலாம். அவனுக்கு ஒரு பெட்டை மேல் விருப்பம் என்பது எனக்குத் தெரியவந்தது அங்கேதான். மேலதிக விபரம் உங்களுக்குத் தேவையில்லை.

வயது போட்டுது என்று சொல்ல வருகிறீர்கள். ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் என்று ஒருவர், நோர்வேயில் இருந்து கனடாவுக்கு வந்தவர். சமதரையிலும் காட்டுப் பாதையிலும் போகிற ஸ்கீயைக் கியூபெக் மலைகளில் பரப்பியவர். 'ஜாக்றாபிட்' என்று பட்டப்பெயர், பிள்ளைகளுக்கான பயிற்சித் திட்டம் ஒன்று இன்றைக்கும் அந்தப் பெயரில் நடக்கிறது. 1875இல் பிறந்தார், 1987இல் இறந்தார். 111 வயது. நூறைத் தாண்டிய பிறகும் ஸ்கீயைக் கழற்றவில்லை. இந்தச் சமதரை ஸ்கீ எங்கள் வயதுக்காரருக்கு நல்லது. லிப்ற் வேண்டாம், செலவு குறைவு, விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. நடக்கத் தெரிந்தால் பாதி தெரியும்.

இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு கதை. கொலிங்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற புளூ மவுன்ரன் உங்களுக்குத் தெரியும், பிள்ளைகள் வருடா வருடம் கேட்டு அழுகிற இடம். அதை 1941இல் தொடங்கிய யோசோ வைடர் செக்கோசிலோவாக்கியாவில் இருந்து வந்து இரண்டொரு வருடமே ஆன ஒரு குடிவரவாளர். பக்கத்திலேயே மட்பாண்டத் தொழிலும் தொடங்கினார். அந்தப் பச்சை மெருகுச் சாடிகளை இப்போதும் பழைய சாமான் கடைகளில் காணலாம். வந்த இடத்துக் குளிரைப் பார்த்து இதில் என்ன செய்யலாம் என்று யோசித்த ஆள். அந்த மலையும் புதிதல்ல. ஊரிலிருந்து ஆர் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த அருவி விழுகிற பாறைத்தொடர்தான் வடக்கே வளைந்து அங்கே போகிறது. மேலிருந்து கீழே 220 மீற்றர். மேற்கில் இருக்கிற விஸ்லரோடு பார்த்தால் இது ஒரு திட்டி. எனக்கும் உங்களுக்கும் போதும்.

காசு. இதில் நான் பூசி மெழுகப் போவதில்லை. பெரிய மலைகளில் வார இறுதியில் ஒரு ஆளுக்கு லிப்ற் ரிக்கற் மட்டும் நூறு டொலரைத் தாண்டிவிடும். நாலு பேர், வாடகைச் சாமான், சாப்பாடு என்று பார்த்தால் ஒரு நாளில் ஒரு மாதப் பலசரக்குக் காசு. ஆனால் அங்கே போய்த் தொடங்குவது, நீந்தப் பழக நடுக்கடலுக்குப் போவது மாதிரி. ரொறன்ரோ மாநகரசபையே இரண்டு சின்னக் குன்றுகளை நடத்துகிறது, ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் ஒன்று, சென்ரெனியல் பூங்காவில் ஒன்று. கட்டணம் பெரிய மலைகளைவிட எவ்வளவோ குறைவு. பாடத்துக்கான இடங்கள் மட்டும் சூடான வடை மாதிரிப் போய்விடும், பதிவு தொடங்குகிற காலையிலேயே கணினிக்கு முன்னால் இருக்க வேண்டும். நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் 'ஸ்னோபாஸ்' என்று ஒன்று இருக்கிறது. சிறு தொகை கட்டினால் நாடு முழுக்கப் பல மலைகளில் சில நாட்கள் அந்தப் பிள்ளைக்கு லிப்ற் இலவசம். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னுடைய இரண்டும் அந்த வயதைத் தாண்டிய பிறகுதான் தெரியும். பெரிய மலைக்குப் போகிறதென்றால் வார நாளில், அல்லது மின்விளக்கு வெளிச்சத்தில் இரவு நேரம். ரிக்கற்றை வாசலில் வாங்காமல் முன்கூட்டியே வாங்குங்கள்.

காசே வேண்டாம் என்றால் ஸ்காபரோ நகர மண்டபத்துக்கு முன்னால் அல்பேர்ட் கம்பல் சதுக்கத்தில் ஐஸ் தளம் இருக்கிறது. அதற்கு ஒரு சதமும் இல்லை. எத்தனை தடவை அங்கே வரிக் கடிதத்தோடு போய்விட்டுத் திரும்பியிருப்போம்!

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், பெப்ரவரியில் ஒட்டாவா. றீடோ கால்வாய் உறைந்து 7.8 கிலோமீற்றருக்கு நகரத்தின் நடுவே ஐஸ் வீதி ஆகிவிடும். நுழைவுக்குக் கட்டணம் இல்லை. சறுக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, சப்பாத்தோடு ஓரமாக நடக்கிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் போனபோது மாமி சறுக்குவண்டியில் இருந்து, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, தள்ளிக்கொண்டு போகிற பேரனுக்கு "கெதியா, கெதியா" என்று உத்தரவு போட்டுக்கொண்டு வந்தா. நடுவில் நிறுத்தி, கறுவாவும் சீனியும் தூவின சுடச்சுட 'பீவர்ரெயில்' வாங்கிக் குடுத்தோம். "அரியதரத்தைத் தட்டையாச் சுட்ட மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னா.

அந்தக் கால்வாய்க்கு அவசரமும் இருக்கிறது. ஆட்கள் இறங்குவதற்கு 30 சென்ரிமீற்றர் அளவுக்குக் கெட்டியான ஐஸ் வேண்டும். 2022–23 குளிர்காலத்தில் அந்தக் கனம் வரவேயில்லை. 1970களின் தொடக்கத்தில் இருந்து வருடா வருடம் திறந்த தளம் முதல்முறையாக ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்து மலைகளிலும் பாதிப் பனி இயந்திரம் ஊதுகிற பனிதான், அதற்கும் பூச்சியத்துக்குக் கீழே குளிர் வேண்டும். முப்பது வருடமாக எப்போது போகும் எப்போது போகும் என்று நாங்கள் திட்டித் தீர்த்த குளிர் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்ராறியோவில் ஸ்கீ எவ்வளவு மிஞ்சும் என்பது சொல்ல முடியாத காரியம்.

இனிக் கடலுக்கு வருவோம். குளிர்கால விடுமுறை என்றால் எங்களில் பலருக்கு ஊருக்குப் போவதுதான். அது விடுமுறை இல்லை என்பது போய் வந்த எல்லாருக்கும் தெரியும். மூன்று கிழமையில் இரண்டு கலியாணம், ஒரு அந்தியேட்டி, காணி உறுதி அலுவல், கோயில் நேர்த்தி, போகாத வீட்டுக்காரரின் கோபம். போதாக்குறைக்கு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழை. பிள்ளைகள் எதிர்பார்த்த வெயில் அந்த மாதத்தில் தெற்கே பெந்தோட்டை, உனவட்டுனைப் பக்கம்தான் இருக்கும். போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் அதை விடுமுறைக் கணக்கில் எழுதாதீர்கள்.

வரதேரோவுக்கு ரொறன்ரோவில் இருந்து மூன்றரை மணித்தியாலப் பறப்பு. ஒரு நீண்ட ஒடுங்கின தீபகற்பம், அதன் ஒரு பக்கம் முழுக்க இருபது கிலோமீற்றர் அளவுக்கு வெள்ளை மணல். தண்ணீருக்குள் இறங்கினதும் மனைவி சொன்ன முதல் வார்த்தை, "கசூரினா". காரைநகர்க் கடல் மாதிரியே தூரம் போகப் போக இடுப்பளவுதான். பொழுதுபடக் குளிக்கலாம்.

எல்லாம் அடக்கம் என்கிற ஒழுங்கு, கையில் பட்டியைக் கட்டிவிட்டால் காசைக் கையால் தொடாமல் தின்று குடித்து ஆடுகிற ஒழுங்கு, 1950இல் மயோர்க்காத் தீவில் கூடாரம் அடித்துத் தொடங்கிய கிளப் மெட் காரரின் யோசனை. குடும்பத்துக்கு அது வசதி என்பதை மறுக்க மாட்டேன். பிள்ளை ஐந்தாம் தரம் ஐஸ்கிறீம் கேட்கும்போது பல்லைக் கடிக்கத் தேவையில்லை. எனக்குப் பிடிக்காதது ஹொட்டேலைச் சுற்றியிருக்கிற அந்த வேலி. கியூபாக்காரர் தங்கள் நாட்டுச் சுற்றுலா ஹொட்டேலில் தங்குவதற்கு 2008 வரை அனுமதியே இருக்கவில்லை. கனடாக்காரர்தான் அந்த நாட்டுக்கு அதிகம் போகிறவர்கள். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் குறைவு.

நாங்கள் போயிருந்தபோது ஒரு இரவு விளக்கெல்லாம் அணைந்தது. 2024 ஒக்ரோபரில் நாட்டின் மின்வலை முழுதாக விழுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னும் பின்னும் மின்வெட்டு அவர்களுக்கு அன்றாடம். சில நிமிடத்தில் ஹொட்டேல் ஜெனரேற்றர் உறுமியது. வேலிக்கு அப்பால் ஊர் இருட்டாகவே இருந்தது. மகளும் மகனும் வைபை போய்விட்டது என்று பதறினார்கள். மனைவி பல்கனியில் நின்று அந்த இருட்டுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அவ 1997 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவ. பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் சாதாரணதரம் படித்தவ. அன்றைக்கு இரவு, பிள்ளைகளுக்கு அதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னா. பஞ்சுத் திரியை எவ்வளவு மெல்லியதாகத் திரிப்பது, ஒரு சவர்க்காரக் கட்டியை நூலால் நாலாக அறுப்பது, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்பது. மகள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். ஐந்து நட்சத்திர ஹொட்டேலுக்குக் கட்டிய காசு எனக்கு அந்த ஒரு இரவில் வந்துவிட்டது.

எங்கள் பெட்டியில் பாதி சவர்க்காரமும் பனடோலும் பென்சிலும்தான். அதுவும் மனைவியின் வேலை. அறை துப்புரவாக்க வருகிற அம்மா துவாயை அன்னம் மாதிரி மடித்து வைப்பா. பங்கீட்டு அட்டையில் கிடைப்பது காணாது என்று அவ கையால் காட்டிச் சொன்னது எங்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. சங்கக்கடை வரிசையில் நின்ற எவருக்கும் விளங்கும்.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களோடு வந்த ஒரு அன்ரி முல்லைத்தீவுப் பக்கம். 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் அந்தக் கரையில் கண்டவ, 2009 மே மாதத்துப் போர் முடிவையும் அந்தக் கரையில் கண்டவ. ஏழு நாளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தா. முதல் நாள் நான் விபரம் கெட்டதனமாக, "வாங்கோ அன்ரி, காலை நனையுங்கோ" என்று கையைப் பிடித்தேன். அவ கையை மெல்ல எடுத்துக்கொண்டு, "நீங்கள் போங்கோ தம்பி, நான் சாமானைப் பார்க்கிறன்" என்றா. எல்லாருடைய காவலும் ஒரே காவல் இல்லை. எழும்புங்கோ என்று நான் எழுதுகிற இந்த மடல் அவவுக்கு அல்ல.

மற்ற எல்லாருக்கும்தான். கடலுக்குள் இறங்க முதல் கரையில் பறக்கிற கொடியைப் பாருங்கள். சிவப்பென்றால் கசூரினா ஞாபகத்தில் இறங்க வேண்டாம். பயணக் காப்புறுதி எடுக்காமல் விமானத்தில் ஏற வேண்டாம். ஒன்ராறியோவின் ஓஹிப் மருத்துவ அட்டை சட்டைப்பையில் இருக்கிறது என்ற தைரியம் எல்லை தாண்டினால் உதவாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் மறித்தால் ஒரு நாளுக்கு அது தருவது கூடிப்போனால் 400 டொலர். கியூபா 2010இல் இருந்து காப்புறுதி இல்லாதவரை உள்ளே விடுவதில்லை என்று சட்டமே வைத்திருக்கிறது. தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவர் சம்மதித்து எழுதிய கடிதம் கையில் இருக்கட்டும். பாடசாலை இருக்கிறதே என்று மார்ச் விடுமுறையிலேயே போக நினைத்தால் விலை உச்சத்தில் இருக்கும். நத்தார் விடுமுறை முடிந்த அடுத்த இரண்டு கிழமையில் அதே ஹொட்டேல், அதே கடல், எவ்வளவோ மலிவு. ஐந்து நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் பிள்ளை டொக்ரர் ஆகாமல் போகாது. இதை நான் எழுதினேன் என்று ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

முதல் எது, மலையா கடலா என்று கேட்டால், மலை என்பேன். குளிருக்குள் ஒரு தரமாவது விரும்பி இறங்கிவிட்டு வெயிலுக்குப் போனால் அது விடுமுறையாக இருக்கும். இறங்காமல் போனால் தப்பி ஓடுகிற மாதிரித்தான் இருக்கும். தப்பி ஓடுவது எங்களுக்குப் புதிதா என்ன?

வருகிற குடும்ப தினத்தன்று, பெப்ரவரியின் மூன்றாவது திங்கள், காலை பத்து மணிக்கு ஏர்ல் பேல்ஸ் குன்றடியில் நிற்பேன். நீலத் தொப்பி, இடது முழங்காலில் ஒட்டுப் போட்ட கறுப்புக் காற்சட்டை. ஸ்கீ இல்லாதவர் வாடகைக்கு எடுக்கலாம். நிறையை உண்மையாக எழுதுங்கள், நாங்கள் பார்க்க மாட்டோம். ரோல்ஸ் மனைவி கொண்டுவருவா, இரண்டு தட்டு. பைகளைப் பூட்டி வைக்க லொக்கர் இல்லாவிட்டால் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வாருங்கள். பதினாறு வருடத்தில் ஒருவரும் எங்கள் பையை எடுக்க வரவில்லை. உள்ளே இருந்தது வாழைப்பழம்தான்.

அன்புடன்,
ஸ்காபரோவில் இருந்து,
வாங்கை விட்டு எழும்பின ஒருவன்